கேரவனில் குமரி அருவிகளுக்குப் போய் இரண்டேகால் லட்சத்தைத் தொலைத்த கதை

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கணக்கு எழுதிப் பிழைக்கிறவன், எனக்கு அதுதான் முதலில் வருகிறது. வண்டி வாடகை 5 நாளுக்கு 32,500. திரும்பி வராத முன்பணம் 30,000. இஞ்சின் வேலைக்கு நான் கொடுக்க ஒப்புக்கொண்ட பங்கு 90,000. டிராக்டர், இழுவை வண்டி சேர்த்து 21,000. ஆற்றோடு போன செல்போன் 18,000. ஆஸ்பத்திரி 41,000. ஆக மொத்தம் 2,32,500 ரூபாய். டீசலும் சாப்பாடும் சம்பளமில்லாமல் போன 16 நாள் லீவும் இதில் சேரவில்லை. எல்லாம் கன்னியாகுமரி மாவட்டத்தில் நாலு அருவியில் குளிக்கப் போனதற்கு. குளித்தது என்னவோ ஒன்றில்தான்.

எனக்கு மதுரை. வயது 43. போன ஐப்பசி ஆரம்பத்தில் மனைவியும் மகளும் ஊருக்குப் போயிருந்த சமயம், கடையில் ஒரு வாரம் லீவு சொல்லிவிட்டுக் கேரவன் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். கேரவன் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். உயரக் கூரை வைத்த டிராவலர் வேனை உள்ளே பிரித்துவிட்டு, ஒரு கட்டில், ஒற்றை அடுப்பு, 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, மேலே ஒரு சோலார் தகடு வைத்திருந்தார்கள். தெரிந்தவர் மூலமாகக் கிடைத்த வண்டி. நாளுக்கு 6,500 என்றதும் மற்ற இடங்களைவிடக் குறைவு என்று சந்தோஷப்பட்டேன். ஏன் குறைவு என்று கேட்கவில்லை. அது ஒயிட் போர்டு வண்டி. அதாவது சொந்த உபயோகத்துக்கென்று பதிவு செய்தது. நாமே ஓட்டிக்கொண்டு போக வாடகைக்கு விடும் வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். சொந்த வண்டியை வாடகைக்கு விட்டு அதில் ஏதாவது ஆகிவிட்டால், இன்சூரன்ஸ்காரர்கள் பணம் தரமாட்டேன் என்று கைவிரிக்க அது ஒன்றே போதும். வண்டியைப் பார்க்கப் போகும்போது கட்டிலை அழுத்திப் பார்க்காதீர்கள், நம்பர் பலகையைப் பாருங்கள். நான் கட்டிலைத்தான் அழுத்திப் பார்த்தேன்.

இன்னொரு தப்பையும் இங்கேயே ஒத்துக்கொள்கிறேன். வீட்டில் நண்பனோடு போவதாகச் சொல்லியிருந்தேன். தனியாகப் போகிறேன் என்றால் வீட்டில் ஆயிரம் கேள்வி வரும் என்று பயம். அதனால் நான் எந்த ஊரில், எந்த ஓடைக்கரையில் இருக்கிறேன் என்று உலகத்தில் ஒரு ஜீவனுக்கும் தெரியாது.

முதல் நாள் ஆரல்வாய்மொழி தாண்டும்போது காற்றாலைகள் சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருந்தன. டீக்கடைக்காரர் வண்டியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஆடியில வந்திருந்தா இந்தக் கணவாய்க் காத்து உம்ம வண்டிய ஆட்டி எடுத்திருக்கும்" என்றார். பூதப்பாண்டி, தடிக்காரன்கோணம் வழியாகக் கீரிப்பாறை. வழியெங்கும் ரப்பர். ரோடு அழகு, ஆனால் எதிரே ஒரு மினி பஸ்ஸோ ரப்பர்த் தடி ஏற்றிய லாரியோ வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போயே ஆக வேண்டும். நான் போகும் வண்டியின் உயரம் எனக்கே தெரியாது. தடிக்காரன்கோணம் தாண்டி ஒரு பலாக் கிளை சோலார் தகட்டைச் சுரண்டி ஓசை எழுப்பிய பிறகுதான் இறங்கி, ஒரு கம்பை வைத்து அளந்தேன். பத்தடிக்குக் கொஞ்சம் மேலே. அளந்த எண்ணை ஸ்டீரிங் பக்கத்தில் எழுதி ஒட்டினேன். இந்தப் பயணத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அதுதான்.

கீரிப்பாறையை ஒட்டிக் காட்டுக்குள் இருக்கிற காளிகேசத்தில் குளித்தேன். அதற்கு ஈடு சொல்ல முடியாது. உருண்டைக் கற்களுக்கு மேலே கண்ணாடி மாதிரி ஓடுகிற தண்ணீர், இறங்கினால் எலும்பு வரை குளிரும். ஆனால் வனத்துறைக்காரர்கள் மூன்று மணிக்கெல்லாம் விசில் ஊதி எல்லாரையும் கரையேறச் சொல்லிவிட்டார்கள். வானம் வெளுப்பாக இருந்தது, ஒரு துளி மழை இல்லை. ராத்திரி வண்டியை அங்கேயே போட்டுத் தூங்கலாமா என்று கேட்டேன். "யானை வரும் இடம் சார், கூடவே கூடாது" என்று ஒரே பேச்சு. எனக்குச் சுள்ளென்று கோபம். பணம் கட்டி வந்தவனைத் துரத்துகிறார்களே என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.

அவர்கள் ஏன் மூன்று மணிக்கு விசில் ஊதினார்கள் என்பது மறுநாள் தெரிந்தது. தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் நனைக்கிற மாவட்டம் இது. ஐப்பசியில் காலையில் பளீரென்று வெயில் அடிக்கும், மதியத்துக்கு மேல் மலை உச்சியில் மேகம் கூடி இடிக்கும். மழை பெய்வது அங்கே. தண்ணீர் இறங்குவது நீங்கள் வெயிலில் நின்று குளிக்கிற இடத்துக்கு. உங்கள் தலைக்கு மேல் இருக்கிற வானத்தைப் பார்த்துப் பிரயோஜனமே இல்லை, மலையைப் பார்க்க வேண்டும். மலை மேகத்துக்குள் மறைந்துவிட்டதா, துணியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். ஊர்க்காரர்கள் யாரும் இதை யோசித்துச் செய்வதில்லை, நமக்கு நேரம் ஆனால் பசிக்கிற மாதிரி அவர்களுக்கு அது பழக்கம்.

இரண்டாம் நாள் குலசேகரம் வழியாகத் திற்பரப்பு அருவி. ராத்திரி ஒரு பெட்ரோல் பங்கில் அனுமதி கேட்டுத் தூங்கியிருந்தேன். திற்பரப்பில் குளிக்கத் தடை. பேச்சிப்பாறை அணை நிரம்பிக்கொண்டிருக்கிறது, உபரிநீர் விடுகிறார்கள், கோதையாற்றில் தண்ணீர் அதிகம் என்றார்கள். பேச்சிப்பாறை அணையின் முழு மட்டம் 48 அடி, பெருஞ்சாணி அணைக்கு 77 அடி. மழைக்காலத்தில் இந்த இரண்டு அணைகளின் மட்டமும் தினசரி பேப்பரில் வரும். குமரி அருவிகளுக்குக் கிளம்புகிறவர்கள் கூகுள் படங்களைப் பார்ப்பதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும். கிட்டத்தட்ட 50 அடி உயரத்திலிருந்து அன்றைக்கு அருவி விழவில்லை, பாய்ந்தது. டீ நிறத் தண்ணீர், பாறையே தெரியவில்லை. அதைக் கண்ணால் பார்த்த பிறகும் எனக்கு வந்தது பயமல்ல, "இவ்வளவு செலவு பண்ணி வந்து குளிக்காமல் போவதா" என்கிற எரிச்சல்தான். அந்தத் தடை இந்த ஒரு அருவிக்கானது என்று நினைத்துக்கொண்டேன். மலை முழுக்க நனைந்து கிடக்கிறது, ஒவ்வொரு ஓடையும் பொங்கத் தயாராக இருக்கிறது என்பதற்கான அறிவிப்பு அது. அருவியில் தடை போட்டால் பக்கத்து ஓடையைத் தேடிப் போகாதீர்கள். அங்கே தடை போட ஆள் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் பக்கத்து ஓடையைத்தான் தேடிப் போனேன். களியலைத் தாண்டி ஒரு சாயாக்கடை. மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும் சாப்பிட்டேன். "சூடு வெள்ளமா, பச்ச வெள்ளமா சாரே?" என்று கடைக்காரர் கேட்டபோது முழித்தேன். நமக்கு வெள்ளம் என்றால் ஊரை அடித்துக்கொண்டு போவது. குமரி மேற்கில் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர். குடிக்கிற தண்ணீர், குழாய்த் தண்ணீர், எல்லாமே வெள்ளம்தான். சிரித்துக்கொண்டேன். இந்த விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அங்கே உட்கார்ந்திருந்த ஒருவர் தனியார் ரப்பர் தோட்டம் ஒன்றைக் காட்டிக்கொடுத்தார். உள்ளே ஒரு காட்டாறு ஓடுகிறது, நல்ல கயம், அதாவது ஆழமாகத் தண்ணீர் தேங்குகிற இடம், இருக்கிறது, ராத்திரிக்கு 500 ரூபாய் கொடுத்தால் வண்டியை நிறுத்தலாம். போய்ப் பார்த்தேன். கரையில் சமதளமாக ஒரு மணல் திட்டு, வண்டிக்கென்றே போட்டுவைத்த மாதிரி. ஓடையின் அகலம் இருபதடி, கணுக்கால் தண்ணீர். தாண்டிப் போனால் எதிர்க்கரையில் பெரிய பாறை, அதன் கீழே பச்சையாகத் தேங்கிய கயம். நான் கனவில் பார்த்த இடம்.

மலையடிவார ஓடைக்கரையில் சமமாக ஒரு மணல் திட்டு எப்படி வந்தது? ஆறு கொண்டுவந்து போட்டது. போன தடவை இவ்வளவு தூரம் வந்தேன் என்று அது எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறது. தலைக்கு மேலே புதர்க்கிளைகளில் காய்ந்த சருகும் கிழிந்த பாலித்தீனும் தொங்கின. குருவிக்கூடு என்று நினைத்துப் போட்டோ எடுத்தேன். அவை தொங்குகிற உயரம்தான் வெள்ளம் வந்த உயரம். உங்கள் வண்டிக் கூரைக்குச் சமமாகச் சருகு தொங்குகிறது என்றால் அங்கே ஒரு நிமிஷம்கூட நிறுத்தாதீர்கள்.

தோட்டத்தில் பால்வெட்டு வேலை செய்கிற ஒரு அம்மா, அறுபது வயதிருக்கும், பக்கத்தில் வீடு. மதியம் வந்து, "மக்களே, பைப்பில வெள்ளம் வருது, பிடிக்கணும்னா பிடிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். வண்டித் தொட்டியை நிரப்பிக்கொண்டேன். நாலு மணிக்கு ஓடையைத் தாண்டிக் கயத்தில் இறங்கினேன். பாறையிலிருந்து குதிக்கலாமா என்று ஒரு ஆசை வந்தது. நல்லவேளை குதிக்கவில்லை. ஒவ்வொரு வெள்ளத்துக்கும் கயத்தின் அடியில் கல்லும் மரமும் இடம் மாறும். போன மாதம் ஆள் குதித்த இடத்தில் இந்த மாதம் ஒரு மரத்துண்டு கிடக்கும், மேலிருந்து பார்த்தால் பச்சை நிறம்தான் தெரியும்.

அரைமணி நேரம் மிதந்திருப்பேன். தூரத்தில் இடி கேட்டது, பொருட்படுத்தவில்லை. அக்கரையிலிருந்து அந்த அம்மா கையை ஆட்டிக் கத்தினார், "வெள்ளம் வருது மக்களே, கேறி வா!" எனக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது. பைப்பில் தண்ணீர் வருகிறது, வந்து பிடித்துக்கொள் என்கிறார் என்று நினைத்து, "இருக்கட்டும்மா, காலையிலேயே ரொப்பிட்டேன்!" என்று பதிலுக்குக் கத்தினேன். மதியம் நிரப்பியதைக் காலை என்று சொன்னது வேறு. அவர் தலையில் அடித்துக்கொண்டதுகூட எனக்குப் புரியவில்லை.

அப்புறம் நடந்ததற்கு ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. முதலில் தண்ணீரில் சருகும் சுள்ளியும் வந்தன. தண்ணீர் கலங்கியது, மண் வாசனை அடித்தது. ஓடையின் சலசலப்பு மாறி, மலைச்சரிவில் லாரி இறங்குகிற மாதிரி ஒரு உறுமல். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் கேட்டாலும் அந்த நொடியே உயரத்துக்கு ஏறிவிட வேண்டும். துணி, செல்போன், செருப்பு எதையும் எடுக்கப் போகக்கூடாது. நான் கீழ்ப்பாறையில் வைத்திருந்த போனை எடுக்கப் போனேன். முழங்கால் தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. கால் சறுக்கி, முழங்காலுக்குக் கீழே எலும்பு தெரிகிற அளவுக்குத் தோல் உரிந்தது. போன் போனது. நகத்தால் பிறாண்டிப் பெரிய பாறை மேல் ஏறினேன். திரும்பிப் பார்த்தால் கணுக்கால் ஓடை இல்லை, காப்பி நிறத்தில் ஒரு ஆறு ஓடுகிறது. நான் இந்தக் கரை, வண்டி அந்தக் கரை.

தாண்டிவிடலாம் என்று ஒரு கணம் இறங்கப் பார்த்தேன். எதிர்க்கரையில் இரண்டு பையன்கள் டார்ச்சோடு வந்துவிட்டார்கள். "அங்கனயே இரிங்க சாரே, எறங்காதீங்க! வெள்ளம் வத்தும்!" அந்தக் குரல் இல்லையென்றால் இறங்கியிருப்பேன். ஓடுகிற தண்ணீர் முழங்கால் அளவு இருந்தாலே ஆளைச் சாய்த்துவிடும், அடியில் உருண்டு வருகிற கல் காலை வாரிவிடும். தவறான கரையில் மாட்டினால் உயரத்தில் உட்கார்ந்து காத்திருப்பதுதான் வழி. இந்த ஓடைகள் வந்த வேகத்திலேயே வற்றும்.

ஜட்டியோடு, மழையில், அட்டை கடிக்க, யானை வருமோ என்று ஒவ்வொரு சத்தத்துக்கும் நடுங்கிக்கொண்டு அந்தப் பாறையில் உட்கார்ந்திருந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன். மகளை நினைத்து அல்ல. முன்பணம் 30,000 போய்விடுமே என்று நினைத்து முதலில் அழுதேன், அப்புறம்தான் மகள் ஞாபகம் வந்தது. அது இன்னும் உறுத்துகிறது. பையன்கள் பதினோரு மணி வரை எதிரே நின்று டார்ச் அடித்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் வற்றி, விடியும்போது அவர்கள் கயிறு வீச, பிடித்துக்கொண்டு தாண்டினேன். அந்த அம்மா கட்டஞ்சாயா கொடுத்தார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை திட்டவில்லை.

இத்தனைக்கும் பிறகு நான் செய்ததுதான் பண விஷயத்தில் பெரிய முட்டாள்தனம். வண்டி மணலில் ஒருபக்கம் சாய்ந்து நின்றது. உள்ளே சீட் மட்டத்துக்குச் சேற்றுக் கோடு. ஓட்டுநர் பக்கம் ஏறிச் சாவியைத் திருப்பினேன். ஒரு பெரிய 'டக்', அவ்வளவுதான். தண்ணீரில் மூழ்கின வண்டியைக் கிளப்பவே கூடாது. காற்று போகும் வழியாகச் சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீரைப் பிஸ்டனால் அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, வண்டியை அப்படியே இழுத்துப் போயிருந்தால் சில ஆயிரங்களில் சுத்தம் செய்து முடித்திருக்கலாம் என்று நாகர்கோவில் மெக்கானிக் சொன்னார். சாவியைத் திருப்பிய அந்த ஒரு நொடிக்கு மதிப்பீடு 1,46,000. இஞ்சின் பாதுகாப்பென்று தனியாகச் சேர்க்கிற பாலிசி ஒன்று உண்டாம், அது இந்த வண்டிக்கு இல்லை. இருந்திருந்தாலும் ஒயிட் போர்டு வண்டியை வாடகைக்கு விட்ட கதை வெளியே வந்திருக்கும். அதனால் உரிமையாளர் இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவலே சொல்லவில்லை, முழுப் பணத்தையும் என்னிடம் கேட்டார். நடுவில் இருந்தவர் பேசி 90,000-த்துக்கு முடித்தார். எழுத்தில் ஒரு ஒப்பந்தம்கூட இல்லாததால் எனக்கு வாதாட ஒன்றும் இல்லை. கிளம்புமுன் வண்டியைச் சுற்றி வீடியோ எடுத்திருந்தால், பழைய கீறல்களையும் கிழிந்த திரையையும் என் கணக்கில் எழுதியிருக்க முடியாது. 30,000 அதில்தான் கரைந்தது.

முடிந்தது என்று நினைத்து வீடு வந்தேன். ஒன்பதாம் நாள் காய்ச்சல். குளிர், தலைவலி, கண் சிவப்பு, கெண்டைக்காலைத் தொட்டால் உயிர் போகிற வலி. பக்கத்துக் கிளினிக்கில் சாதாரண வைரஸ் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்தார்கள். மூன்று நாள் வீணானது. இரண்டாவதாகப் பார்த்த டாக்டர்தான், "சமீபத்தில் எங்கேயாவது ஆறு, குளத்தில் இறங்கினீர்களா, காலில் புண் இருந்ததா" என்று கேட்டார். எலிக்காய்ச்சல். எலி, மாடு இவற்றின் சிறுநீர் கலந்த தண்ணீரும் சேறும் தோலின் காயத்தில் பட்டாலே தொற்றும். வெள்ளத் தண்ணீரில் சொல்லவே வேண்டாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் சாதாரண ஆன்டிபயாடிக்கிலேயே கேட்டுவிடும், தள்ளிப்போட்டால் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் பிடிக்கும். ஐந்து நாள் படுக்கையில் இருந்தேன். அருவி, ஓடை, வயல் எதில் குளித்துவிட்டு வந்தாலும், அடுத்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் டாக்டர் கேட்கும் வரை காத்திராமல் நீங்களே அதைச் சொல்லுங்கள். காலில் புண்ணோடு இறங்கவே வேண்டாம். மனைவியிடம் உண்மையைச் சொன்னதும் அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான். அது தனிக் கதை, அதற்கு இங்கே இடமில்லை.

குமரிக்குக் கேரவன் வேண்டுமா என்று இப்போது யாராவது கேட்டால், மலைப்பக்கத்துக்கு வேண்டாம் என்பேன். காட்டுக்குள் ராத்திரி தங்க விடமாட்டார்கள், தோட்ட ரோடுகளில் உயர வண்டி திரும்பாது. நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ரூம் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போகலாம், திற்பரப்புக்குக் குலசேகரம் வழியாகப் பஸ் உண்டு. வண்டிதான் வேண்டும் என்றால் தை, மாசியில் வாருங்கள். தண்ணீர் கொஞ்சம் குறைவாக இருக்கும், இருக்கட்டும். காலையில் குளித்துவிட்டு, மதியத்துக்கு மேல் மாத்தூர் தொட்டிப்பாலம் மாதிரி மேட்டு இடங்களைப் பாருங்கள். நூறடிக்கு மேல் உயரத்தில் கால்வாய் ஓடுகிறது, அங்கே நின்று கீழே ஆற்றைப் பார்ப்பதில் ஒரு ஆபத்தும் இல்லை.

நானும் மாசியில் போனேன், பஸ்ஸில்தான். அந்தப் பையன்களுக்குக் கொடுக்க 5,000 ரூபாய் கவரில் வைத்துக் கொண்டுபோனேன். வாங்கவே இல்லை. கடைசியில் அந்த அம்மாதான் சொன்னார், அன்றைக்கு ராத்திரி வண்டி ஆற்றோடு போய்விடாமல் ரப்பர் மரத்தோடு சேர்த்துக் கட்டியது அவர்கள் கிணற்றுக் கயிறாம், அது அறுந்துவிட்டதாம், வேண்டுமானால் ஒரு கயிறு வாங்கிக் கொடு என்று. வண்டியைக் கட்டியிருந்ததே எனக்கு அப்போதுதான் தெரியும். குலசேகரத்தில் வாங்கிக் கொடுத்தேன். 640 ரூபாய். மேலே போட்ட மொத்தத்தில் அதைச் சேர்க்கவில்லை.